குடும்ப சமேதராய் ஒரு ஜிம்

பட்டணத்தில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு வீடு தேடுவது, பள்ளிக்கூடம் தேடுவது, வேலைக்கு ஆள் தேடுவது ஆகிய சங்கடங்கள் போதாவென்று கருதித்தானோ என்னவோ, தற்கால நாகரிகம் ஜிம் தேடும் சங்கடத்தையும் சேர்த்து அருளியிருக்கிறது. சென்னையில் எங்கள் பேட்டையில் மட்டும் ஜவுளிக் கடையின் மேல்மாடியில் ஒன்று, பல் ஆஸ்பத்திரியை ஒட்டி ஒன்று, பிரியாணிக் கடைக்கு நேர் எதிரில் ஒன்று என்று பெருகிவிட்ட இந்த ஸ்தாபனங்களில், கடைசியாகச் சொன்னதற்கு இடம் பிடித்தவரின் வியாபார சூட்சுமத்தை மனமார மெச்சுகிறேன். அவருக்கு வாடிக்கைக்காரர் என்றைக்கும் குறையமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் பிரஸ்தாபம் எழுவதற்குக் காரணம் டாக்டர். 'பார்டர்லைன் சுகர்' என்று அவர் என் மனைவியிடம் சொன்னதை, அவள் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பாரபட்சமின்றிப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள். ஆனால் நோய் பொதுவானதே தவிர மருந்து பொதுவாக அமையவில்லை. புஜபலத்தில் மட்டுமே சிரத்தையுள்ள மகனுக்கு இரும்பு ஏராளமாக வேண்டும். மகளுக்கு ஜும்பா வேண்டும். மனைவிக்குப் பெண் டிரெய்னர் வேண்டும். ஸ்கூட்டர் நிறுத்த இடமிருந்தால் போதுமென்பது என் கொள்கை. என் தாயாரோ, "காசையும் குடுத்துட்டு எவன் வீட்டு பாரத்தையோ தூக்குவானேன்? தினம் மொட்டை மாடிக்குப் போய்த் துணி உலர்த்துங்களேன்" என்று அபிப்பிராயம் தெரிவித்தாள். ஆட்சேபிக்க வழியில்லாததால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஜிம்முக்குள் நுழைந்ததும், சட்டை தைத்த பிறகு உடம்பு வளர்ந்துவிட்டதுபோல் தோன்றிய ஒரு வாலிபர் எங்களை உபசரித்து உட்காரவைத்தார். "சார், ஃபேமிலி பேக்கேஜ்னா நீங்க, மேடம், பதினாறு வயசுக்கு மேல ரெண்டு கிட்ஸ். அம்மா வந்தா தனி மெம்பர்ஷிப்" என்றார். வருமான வரி இலாகாவே ஹிந்து அவிபக்த குடும்பம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டு, அதன் பெயருக்குத் தனியாகப் பான் கார்டும் வழங்கிக் கௌரவிக்கிறது; எங்கள் ரேஷன் கார்டிலோ குடும்பத் தலைவியே என் தாயார்தான். அப்படிச் சர்க்கார் அங்கீகரித்த ஒரு மூதாட்டியை ஒரே வாக்கியத்தில் குடும்பப் பிரஷ்டம் செய்துவிட்டு, புன்னகை மாறாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டிய அந்த வாலிபரின் தைரியம் எந்தக் கோர்ட்டுக்கும் வராது. இரண்டாம் வருஷம் காலேஜில் படிக்கும் தன்னைக் 'கிட்' என்று சேர்த்ததில் மகனுக்கும் மனஸ்தாபம்.

பிறகு என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு உலோகத் தகடுகளின்மேல் வெறுங்காலோடு நிறுத்தி, கைகளில் இரண்டு பிடிகளையும் கொடுத்தார்கள். உணரமுடியாத அளவு மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, அது எங்கே எவ்வளவு தடைப்படுகிறதென்பதைக் கொண்டு கொழுப்பு இத்தனை, தசை இத்தனை, நீர் இத்தனை என்று மதிப்பிடுகிற யந்திரம் அது. வயிற்றில் இருக்கும் சோறும் தண்ணீரும் அந்த மதிப்பை மாற்றிவிடும் என்பார்கள். நானோ இரண்டையும் நிரப்பிக்கொண்டுதான் போயிருந்தேன். இருந்தும் வாலிபர் சீட்டைப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்குரிய குரலில், "உங்க பாடி ஏஜ் அறுபத்தொண்ணு சார்" என்றார். ஜாதகம் பார்க்கிறவர்கூட இரண்டு நல்ல வார்த்தை சொன்ன பிறகே பரிகாரத்துக்கு வருவார். இங்கே பரிகாரம் உடனே வந்தது: பெர்சனல் டிரெய்னர், தனிக் கட்டணம்.

மாதக் கட்டணத்தைக் கேட்டால் மயக்கம் வரும்படியாகவும், வருஷக் கட்டணத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தால் மனம் குளிரும்படியாகவும் விலை வைப்பது இத்தொழிலின் தர்மம் போலும். "இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்" என்ற வாசகத்தைப் போன இடமெல்லாம், வெவ்வேறு கிழமைகளில் கேட்டேன். ஜிம்முக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டதே என்று நான் கேட்டதற்கு, கருவிகளுக்குத் தாங்கள் கட்டும் வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாதபடியால் மூலக் கட்டணம் உயர்ந்துவிட்டது என்று விடை கிடைத்தது. சட்டப்படி முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பரிசோதிக்க எனக்கு வழியில்லை.

ஜிம்முக்குப் போகாமலிருப்பதற்காகப் பணம் கட்டுவதைப் பற்றியே டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைக் கணக்கைப் பரிசீலித்ததில், மாதம் 70 டாலருக்குமேல் கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரி 4.3 தடவையே எட்டிப் பார்த்தார்களாம். பத்துத் தடவைக்குரிய சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் 10 டாலரில் முடிந்திருக்கும். அவர்களோ 17 டாலருக்கும் அதிகமாகக் கொடுத்தார்கள். எதிர்காலத்தில் நாம் மிக நல்லவர்களாகிவிடுவோம் என்ற நம்பிக்கை ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் தமிழருக்கும் பொதுச் சொத்து. அதைத்தான் வருஷச் சந்தாவாக வசூலிக்கிறார்கள்.

ஆகையால், குடும்பத்தோடு ஜிம்மில் சேர உத்தேசித்திருக்கும் அன்பர்கள், அது காலியாயிருக்கும் மத்தியான்ன வேளையில் போய்ப் பார்க்கவேண்டாம். நீங்கள் வரப்போகிற அதே மாலை ஏழு மணிக்குப் போய், ஒரு டிரெட்மில்லுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வெளியூர் போனால் சந்தாவை நிறுத்திவைக்கும் 'ஃப்ரீஸ்' உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு ஆசை காட்டினாலும் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். அதுவும் வீட்டுக்குக் கிட்டத்தில் உள்ள ஜிம்முக்கே கட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாநகராட்சிப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். பல பூங்காக்களில் திறந்தவெளிப் பயிற்சிக் கருவிகளே இருக்கின்றன. கட்டணமும் கிடையாது, குடும்பம் என்றால் யார் யார் என்று கேட்பாரும் கிடையாது.