பெயர்ப் பொருத்தம்

2004 வாக்கில் அமெரிக்க விமானக் கண்காணிப்புப் பட்டியலுக்கு முகம் தெரியாது, பெயர்தான் தெரிந்தது. நாடறிந்த செனட்டர் எட்வர்ட் கென்னடியையே பெயர் ஒற்றுமைக்காகத் திரும்பத் திரும்ப நிறுத்தினார்கள்; 2004இல் செனட் விசாரணையில் அவரே புலம்பினார். உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரைப் பிடித்தும் விமோசனம் கிடைக்க வாரக்கணக்கானது. அமைச்சர் அறிமுகமில்லாத கென்னடிகள் பஸ்ஸில் போகலாம். நெல்சன் மண்டேலாவோ நோபல் வாங்கி 15 ஆண்டு கழித்து, 2008இல்தான் அமெரிக்கப் பயங்கரவாதப் பட்டியலிலிருந்து விடுபட்டார்.

2009 கிறிஸ்துமஸ் அன்று, உள்ளாடையில் வெடிமருந்தோடு ஒருவன் டெட்ராய்ட் விமானம் ஏறினான். பெற்ற தகப்பனே அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் எச்சரித்திருந்தும், பறக்கத் தடைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவன் வெடிக்கவைக்க முயன்றபோது பாய்ந்து மடக்கியவர்கள் சக பயணிகள். அவர்கள் கையில் பட்டியலும் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள்.