மரத்துக்குப் பெயர் என்ன?

கேள்வி: அமெரிக்க நகரங்களில் கிறிஸ்துமஸ் மரத்தை ‘விடுமுறை மரம்’ என்று அழைத்தால் ஏன் இத்தனை சண்டை?

பதில்: வீட்டுக் கூடத்தில் நிற்கும் மரத்துக்கு யாரும் பெயர் விசாரிப்பதில்லை. நகர மன்றத்தின் முன்னால் நட்டால்தான் வம்பு. பெருநகரச் சதுக்கத்தைக் கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம், இந்து, மத நம்பிக்கையற்றவர் எல்லோரும் கடக்கிறார்கள், வரியும் கட்டுகிறார்கள். அதனால்தான் அதிகாரிகள் பொதுப்பெயர் தேடினார்கள். பண்டிகையின் பெயரை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அதிலும் பொருள் இருக்கிறது.

உதாரணமாக, பாஸ்டன் நகருக்கு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மரம் அனுப்புவது கனடாவின் நோவா ஸ்கோஷியா. 1917 டிசம்பர் 6 அன்று ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நடந்த வெடிவிபத்தின்போது பாஸ்டன் ஓடிவந்து உதவியதற்கான நன்றிக்கடன் அது. 2005இல் பாஸ்டன் நகராட்சி இணையதளம் அந்த மரத்தை ‘விடுமுறை மரம்’ என்றது. மரத்தைக் கொடுத்தவர் கொதித்துப்போனார். முன்பே தெரிந்திருந்தால் அதை வெட்டி அரவை இயந்திரத்தில் போட்டிருப்பேன் என்றார். மேயர் தாமஸ் மெனினோவும் தமக்கு அது கிறிஸ்துமஸ் மரம்தான் என்று சொல்லிவிட்டார். ரோட் ஐலண்ட் மாநில ஆளுநர் லிங்கன் சேஃபியும் 2011இல் தம் மாநிலத்து மரத்தை ‘விடுமுறை மரம்’ என்றார், கண்டனம் குவிந்தது, 2013இல் பழைய பெயருக்கே திரும்பினார்.

பிட்ஸ்பர்க் வேறு வழி கண்டது. அங்கே 45 அடி மரத்தின் பக்கத்தில் யூதர்களின் 18 அடி மெனோரா விளக்குத்தண்டும் நின்றது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. பெயரை அழிப்பதைவிடப் பக்கத்தில் இடம் கொடுத்த பிட்ஸ்பர்க்கின் வழியே மேல்.