களியும் கிலியும்

கல்யாணமான புதிதில், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டில் தலைவாழை இலை போட்டு நடுவில் கருப்பாக ஓர் உருண்டையை வைத்தார்கள். நான் கும்பகோணத்துக்காரன். இலையில் வெள்ளையாக ஏதாவது விழுந்தால்தான் அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்கிற வம்சம். "இதை எந்தச் சுவருக்குப் பூசணும்?" என்று கேட்டேன். மாமியார் சிரித்தார், மாமனார் சிரித்தார், மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை இருபத்தாறு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, போன தையில் பெங்களூர் மல்லேஸ்வரத்து டாக்டர் ஒருவரின் அறையில் வட்டியோடு எடுத்துச் சிரித்தாள்.

டாக்டர் கையில் என் ரத்தப் பரிசோதனைத் தாள். கெட்ட கொழுப்பு 168. நூறுக்குள் இருக்க வேண்டுமாம். பரீட்சையில் ஒருநாளும் நூறைத் தொடாதவனுக்கு இதில் மட்டும் இப்படி ஒரு தேர்ச்சி.

"எண்ணெய், வெண்ணெய் எல்லாம் எவ்வளவு?"

"ஸ்வல்ப" என்றேன். இந்த ஊருக்கு வந்ததும் நான் கற்ற முதல் கன்னடச் சொல் அது. கொஞ்சம் என்று பொருள். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்பதும் ஸ்வல்ப, வீட்டுக்காரர் வருஷா வருஷம் ஏற்றுவதும் ஸ்வல்ப. டாக்டர் உள்ளூர்க்காரர், அந்தச் சொல்லின் கொள்ளளவு அவருக்குத் தெரியும். "அன்னம் ஸ்வல்ப, முத்தெ தின்னி" என்று தீர்ப்பு எழுதினார். முத்தெ என்றால் வேறொன்றுமில்லை. அந்தச் சுவருக்குப் பூசுகிற கேழ்வரகுக் களி உருண்டைதான்.

வண்டியில் வரும்போது மனைவி ஒரு கதை சொன்னாள். பதினாறாம் நூற்றாண்டில் கனகதாசர் 'ராமதான்ய சரித்ரெ' என்று ஒரு காவியம் எழுதியிருக்கிறார். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் யார் பெரியவர் என்று சண்டை. வழக்கு ராமரிடம் போகிறது. அவர் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடுகிறார். திறந்து பார்த்தால் அரிசி கெட்டுப்போயிருக்கிறது, கேழ்வரகு போனபடியே வந்து நிற்கிறது. ராகவனாகிய தன் பெயரையே அதற்கு ராமர் கொடுத்ததால் ராகி ஆயிற்றாம். "ராமரே சொல்லிட்டாருங்க" என்றாள். ராமர் லிப்பிட் ப்ரொஃபைல் பார்த்துச் சொல்லவில்லை என்று வாதாடலாம்தான். ஆனால் நூறு கிராம் ராகியில் நார்ச்சத்து பதினோரு கிராம், தீட்டிய பச்சரிசியில் மூன்றுகூடத் தேறாது. கால்சியம் முன்னதில் 364 மில்லிகிராம், பின்னதில் பத்துக்கும் கீழே. காவிரி டெல்டாவின் மானம் ஹெப்பால் மேம்பாலத்தில் காற்றோடு போயிற்று.

அன்றிரவே முதல் உருண்டை. முத்தெயைக் கடிக்கக் கூடாது. கிள்ளி, சாற்றில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவில்லை. என் மனைவி மூன்று நிமிடம் வீட்டில் நிலவிய அமைதியை ரசித்தாள். உருண்டை கிரிக்கெட் பந்து அளவுக்கு இருந்ததைச் சைகையில் சுட்டிக்காட்டினேன். ராகியும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறும் என்று அந்த டாக்டரே சொல்லியிருந்தார். மறுநாளிலிருந்து எலுமிச்சை அளவு.

கொழுப்பை இறக்குவதில் பெரிய கை ராகி அல்ல, மொச்சையும் பயறும் ஓட்ஸும்தான் என்று பிறகு தெரிந்தது. அவற்றில் தண்ணீரில் கரையும் நார் உண்டு. விஷயம் சோடாக் கடை மாதிரி. கல்லீரல் கொழுப்பை எடுத்துப் பித்தநீர் தயாரித்து அனுப்புகிறது. வேலை முடிந்ததும் பித்தநீர் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும், காலி பாட்டில் கடைக்குத் திரும்புவது போல. இந்த நார் நடுவழியில் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. கடைக்காரர் என்ன செய்வார்? புதுச் சரக்குக்கு ரத்தத்தில் இருக்கும் கொழுப்பைத்தான் இழுக்க வேண்டும். பாட்டில் திருட்டு உடம்புக்கு இவ்வளவு நல்லது என்று எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

ஆனால் பெங்களூரில் எந்த நல்ல பண்டமும் தனியாக வெளியே வராது. கூடவே ஒரு ரவுடி வருவான். மார்கழி தையில் தெருவெல்லாம் அவரெக்காய் வாசனை. நம் மொச்சைதான், பனி குடித்து மணக்கும். எங்கள் மாமியார் ஊரில் தோல் பிதுக்கிக் குழம்பு வைப்பார்கள். வி.வி. புரத்து அவரெக்காய் மேளாவுக்கு "நார்ச்சத்துக்காக" என்று அனுமதி வாங்கிப் போனேன். அங்கே அவரை தோசையாக, ஹோளிகெ என்கிற போளியாக, எண்ணெயில் குதித்து எழுந்த மிக்சராக, ஜிலேபியாகக்கூட இருந்தது. நார்ச்சத்தைத் தேடினேன், பாகில் மூழ்கியிருந்தது.

வேர்க்கடலையும் அப்படியே. அதன் கொழுப்பு பெரும்பாலும் இதயத்துக்கு இணக்கமான வகை. இந்த ஊர் அதற்குக் கார்த்திகைக் கடைசித் திங்களில் பசவனகுடிப் பெரிய நந்தி கோயிலில் திருவிழாவே எடுக்கிறது. வயலில் கடலையைத் தின்ற காளையைச் சாந்தப்படுத்தக் கட்டிய கோயில் என்று கதை. கடலையைத் தின்றதற்காக அந்தக் காளைக்குக் கோயில். எனக்கு, சட்டைப் பையில் கிடந்த தோலை எண்ணிக் கணக்குக் கேட்டார்கள். அதே கடலையை வறுத்து உடைத்துக் காரம் போட்டால் பெயர் 'காங்கிரஸ்'. 1969-இல் கட்சி இரண்டாக உடைந்தபோது வந்த பெயர் என்பார்கள். இதுவரை குற்றமில்லை. அதை ஒரு பன்னுக்குள் வெண்ணெய் தடவி வைத்துத் தருகிறார்கள் பாருங்கள், அதுதான் கூட்டணி ஆட்சி.

நடைப்பயிற்சியும் உண்டு, லால்பாகில். 240 ஏக்கர். அங்கிருக்கும் பாறைக்கு முந்நூறு கோடி வயது என்கிறார்கள். அதன் மேல் ஏறி நின்றால் நம் 168 அற்பமாகத் தெரிகிறது, ஆறுதல்தான். சிக்கல் இறங்கிய பிறகு. 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் லால்பாக் சாலையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி ஊற்றிய இடம் தாங்கள்தான் என்பது அவர்கள் பெருமை. அரிசியைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் ஆணைக்கு இதைவிடப் பொருத்தமான சரித்திரம் உண்டா? மேலே ஒழுகிய நெய்யைப் பற்றி டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியில் மனைவி காபியில் கை வைத்தாள். வடிகட்டாத காபியில் கெட்ட கொழுப்பை ஏற்றும் எண்ணெய்ப் பொருள் உண்டாம், காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளுமாம். பித்தளை ஃபில்டரை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பார்த்தாள். எங்கள் பாட்டி கொடுத்த ஃபில்டர். நான் குறுக்கே நின்றேன். அது மட்டும் தப்பியது, ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்ற ஒப்பந்தத்தின் பேரில்.

ஆறு மாதத்தில் 168 என்பது 131 ஆயிற்று. டாக்டர் கொடுத்த மாத்திரையின் பங்கு எவ்வளவு, முத்தெயின் பங்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாத்திரையை நிறுத்தி உருண்டையைப் பெரிதாக்கிவிடுவாளோ என்று பயம்.

போன வாரம் மாமியார் வந்தார். பையில் ஐந்து கிலோ ராகி மாவு. மத்தியானம் அவர் சமையல். களி கிளறும் வாசனை வந்தது, மொச்சைக் குழம்பு வாசனையும் வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு வாயூறியது. மனைவிக்கு ஓர் உருண்டை வைத்து, நடுவில் குழி செய்து, குழம்பு ஊற்றினார். என் தட்டுக்கு வந்தபோது வேறொரு பாத்திரத்தைத் திறந்தார்.

"மாப்பிள்ளைக்குக் களின்னா ஆகாதே. நான் மறப்பனா? தனியா பொன்னி அரிசி வடிச்சிருக்கேன். ரெண்டு அப்பளமும் பொரிச்சேன்."

ஆவி பறக்கும் வெள்ளைச் சோறு. மேலே நெய் விடக் கரண்டியை எடுத்துவிட்டார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் உருண்டையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து விழுங்கிவிட்டு, மெல்லாமல், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.