நடைமுறை வழுவாமைக்கு ஒரு பாராட்டு

பெறுநர்:
மாண்புமிகு பாதுகாப்புச் சபை,
ஐக்கிய நாடுகள் தலைமையகம், நியூயார்க்.

பொருள்: ருவாண்டா, 1994 – விதிமுறை தவறாமை – பாராட்டும் ஒரு வேண்டுகோளும் – தொடர்பாக.
பார்வை: தீர்மானங்கள் 872, 912, 918, 929, 955.

இனப்படுகொலை குறித்து 1948 டிசம்பர் 9 அன்று ஏற்கப்பட்ட உடன்படிக்கை, தடுப்பதை முதல் கடமையாகவும் தண்டிப்பதை அடுத்த கடமையாகவும் வைத்தது. ருவாண்டா விஷயத்தில் சபை முதலாவதை நிலுவையில் வைத்து, இரண்டாவதைச் செவ்வனே முடித்தது. சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபின், 1994 நவம்பர் 8 அன்று தீர்மானம் 955 மூலம் குற்றவாளிகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அமைந்தது.

ருவாண்டா அரசுக்கும் அதை எதிர்த்துப் போரிட்ட ருவாண்டா தேசபக்த முன்னணிக்கும் 1993 ஆகஸ்டில் அருஷாவில் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குத் துணைநிற்க அக்டோபர் 5 அன்று தீர்மானம் 872 ஓர் அமைதிப்படையை உருவாக்கியது. வரம்பு 2,548 பேர். தளபதி கனடாவின் ரோமியோ தல்லேர். இருதரப்பும் சம்மதிக்கும்வரைதான் அமைதி காக்கலாம் என்பது இத்தகைய படையின் இலக்கணம். ஒரு தரப்பு கொலைக்கு ஆயத்தமானால் யாரிடம் சம்மதம் வாங்குவது என்பதை ஆணை சொல்லவில்லை.

1994 ஜனவரி 11 அன்று தல்லேர் தலைமையகத்துக்குத் தந்தி அனுப்பினார். ஆளுங்கட்சியின் இன்டரஹாம்வே படைக்குள்ளிருந்து வந்த தகவல் அது: கிகாலியில் ஆயுதம் பதுக்கப்பட்டிருக்கிறது, சிறுபான்மை இனத்தவரான டுட்சிகள் கணக்கெடுக்கப்படுகிறார்கள், இருபது நிமிடத்தில் ஆயிரம் பேர் வரை கொல்ல முடியும். ஆயுதங்களைக் கைப்பற்றுவது ஆணைக்குள் வராது என்று தலைமையகத்தின் அமைதிகாப்புத் துறை பதில் அனுப்பியது. தகவலை ஜனாதிபதி ஹப்யாரிமானாவிடம் தெரிவிக்கவும் சொன்னது. இன்டரஹாம்வே அவருடைய கட்சியின் இளைஞர் அணி. திருட்டுப் புகாரைத் திருடன் வீட்டுக்கே விசாரணைக்கு அனுப்பிய இந்த ஒழுங்கு குறிப்பிடத்தக்கது.

ஏப்ரல் 6 அன்று ஹப்யாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பிரதமர் அகதே உவிலிங்கியிமானாவும் பத்து பெல்ஜிய அமைதிப்படையினரும் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களில் ஐரோப்பியப் படைகள் முழு ஆயுதத்துடன் வந்திறங்கி, வெளிநாட்டவரை ஏற்றிக்கொண்டு திரும்பின. கிகாலியின் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றில் பெல்ஜியப் படையை நம்பிச் சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11 அன்று படை கிளம்பியது. கொலைகாரர்கள் உள்ளே வந்தனர்.

ஏப்ரல் 21 அன்று சபை விரைந்து செயல்பட்டது. தீர்மானம் 912 படையை 270 பேராகக் குறைத்தது. அப்போது ருவாண்டாவும் சபையின் தற்காலிக உறுப்பினர். ஆகவே படுகொலையை நடத்திய அரசின் பிரதிநிதியும் கைதூக்க, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர் சமத்துவத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மே 17 அன்று தீர்மானம் 918 படையை 5,500 ஆக உயர்த்தியது. ஜூலை 25இல்கூடக் களத்தில் இருந்தவர்கள் 550 பேர்தான். சபைக்கு எண்ணிக்கையை அனுமதிக்கத்தான் அதிகாரம். ஆளை அனுப்ப வேண்டியவை உறுப்பு நாடுகள். அவை யோசித்துக்கொண்டிருந்தன. யோசிக்காத நாடு ஒன்றும் இருந்தது. ஜூன் 22 அன்று தீர்மானம் 929 பிரான்சுக்குப் பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தையே வழங்கியது. சில வாரங்களில் அதன் சுமார் 2,500 வீரர்கள் ருவாண்டாவின் தென்மேற்கில் நிலைகொண்டனர். தல்லேருக்கு மாதக்கணக்கில் கிடைக்காத அதிகாரம், பெரிய நாடு கேட்டபோது உடனே கிடைத்தது. படுகொலை ஜூலை நடுவில் நின்றது. அதை நிறுத்தியது தேசபக்த முன்னணியின் போர் வெற்றி.

ஆணையை மட்டும் பார்க்காதவர்களும் இருந்தனர். செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே தியாங், ஆயுதமில்லாத கண்காணிப்பாளர். கொல்லப்பட்ட பிரதமரின் பிள்ளைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றி, மே 31 அன்று உயிரிழந்தார். 2014இல் சபை அவர் பெயரில் ஒரு பதக்கத்தை உருவாக்கியது. உயிரோடிருந்தபோது கொடுக்காத ஆணை, இறந்து இருபதாண்டு கழித்துப் பதக்கமாக வந்தது.

அறிக்கைகளும் குறைவில்லை. ருவாண்டா பற்றி இங்வார் கார்ல்சன் குழுவின் அறிக்கை 1999இல் வந்தது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை பற்றிய அறிக்கையும் அதே ஆண்டில் வந்தது. இலங்கைப் போரின் இறுதிக்கட்டத்தில் வன்னியில் ஐ.நா. தவறியது பற்றிய உள்ளக அறிக்கை 2012இல் வந்தது. மூன்றும் பாடம் கற்க வேண்டும் என்றன. பாடநூல் குறைவால் மாணவர் தேறவில்லை என்று இனிச் சொல்ல முடியாது.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். 1993இல் சபை ஸ்ரெப்ரெனிட்சாவைப் ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்தது. 1995 ஜூலையில் அங்கே சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். ஐ.நா.வின் நீலக் கொடியைப் பார்த்து மக்கள் ஓரிடத்தில் கூடுவதால், கொலைகாரர்களுக்குத் தேடும் வேலை மிச்சமாகிறது. இனி ஒவ்வொரு முகாம் வாசலிலும் உள்ளூர் மொழியில் கீழ்க்கண்ட பலகையைத் தொங்கவிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது: “இப்படையின் ஆணை உங்கள் உயிரைக் காப்பதை உள்ளடக்கியதல்ல. நிலைமை மோசமானால் படை முன்னறிவிப்பின்றி வெளியேறும்.”

நகல்: நிரந்தர உறுப்பினர்கள் ஐவருக்கும் – தகவலுக்காக மட்டும். நடவடிக்கை எதிர்பார்க்கப்படவில்லை.