எதிரில்தான்!

சாலை நடுச்சுவர்த் துறையின் மேலான சமூகத்துக்கு,

மகா கனம் பொருந்திய ஐயா,

தங்கள் துறையின் சரியான பெயர் எனக்குத் தெரியாது. சாலை ஒரு துறைக்காம், சாலை நடுவில் நிற்கும் சுவர் இன்னொரு துறைக்காம், சுவரோரம் வாடுகிற அரளிச்செடி மூன்றாவது துறைக்காம். மூவரில் யார் பிரித்தாலும் சரி, இது பாராட்டுக் கடிதம்தான்.

போன முகூர்த்தத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. சாலையோரம் மண்டபம். பத்திரிகையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்: 'பஸ் ஸ்டாப் எதிரில்'. திருநெல்வேலியில் ராத்திரி பஸ் ஏறி, ஏறக்குறைய 600 கிலோமீட்டரைத் தூங்கியே கடந்து, கிளாம்பாக்கத்தில் இறங்கி, டவுன் பஸ் மாறி, காலை 7 மணிக்கெல்லாம் அந்த ஸ்டாப்பில் நின்றேன். தாய்மாமன் நான். கையில் சீர்த்தட்டும் மாமன் மாலையும். முகூர்த்தம் 7.30-லிருந்து 9.

மண்டபம் எதிரில்தான் இருந்தது. வாசல் வாழைமரம் தெரிந்தது. பன்னீர் தெளிக்கிற பெண் தெரிந்தாள். இடையில் சாலை, சாலை நடுவில் தங்கள் சுவர், சுவர்மேல் கம்பி வேலி.

தங்கை போன் அடித்தாள். "அண்ணே, எங்க நிக்க?"

"எதிர்லதான் தாயி."

"எதிர்லயா..." என்று இழுத்தாள். இருபது வருஷமாக அங்கே குடியிருப்பவள். அந்த இழுப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் தாத்தா காலத்தில் தூரத்தைக் கூப்பிடு தூரம், கல், காதம் என்று அளந்தார்கள். தாங்கள் 'எதிர்' என்று புது அளவையே கொடுத்திருக்கிறீர்கள். ஓர் எதிர் என்பது 3.2 கிலோமீட்டர், 150 ரூபாய், ஒரு தாலிகட்டு. இந்தக் கணக்கை நான் நடந்தும் ஏறியும் கண்டுபிடித்தேன்.

முதலில் நடைமேம்பாலத்தைத் தேடிப் போனேன். கால் எதிர் தூரத்தில் இருந்தது. படிக்கட்டு வாசலில் பூட்டு. எட்டு மணிக்குத்தான் திறப்பார்களாம். பாலமும் ஆபீஸ் போகிறது போலிருக்கிறது. திரும்பி வந்தேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, பாதிச் சாலையைக் கடந்து, வேலி உடைந்திருந்த இடத்தில் தட்டைச் சுவர்மேல் வைத்து, நானும் ஏறிவிட்டேன். ஏறியதும் எங்கிருந்தோ ஒலிபெருக்கி முழங்கியது: "மாலையும் தட்டுமா நிக்கிற பெரியவரே! உங்களத்தான்! சுவத்த விட்டு எறங்குங்க!"

மூன்று பஸ் ஜன்னல்கள் சிரித்தன. முப்பது வருஷம் பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் ஐயா நான். என்னைச் சுவர்மேல் ஏற்றி நிறுத்திவிட்டீர்கள். தங்கள் நீதி பரிபாலனத்தை மெச்சுகிறேன்.

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில்தான் ஒரு கற்கோடாரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று. அந்தக் கோடாரிக்காரன் மானை விரட்டிக்கொண்டு இங்கேதான் எங்காவது எதிர்ப்பக்கம் ஓடியிருப்பான். யாரும் அவனை மைக்கில் கூப்பிடவில்லை. நாகரிகம் வளராத காலம், பாவம்.

அப்புறம், 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். பத்து ஊர் ஒட்டிக்கொண்டது. ரோட்டின் இரண்டு ஓரம்தான் ஒட்ட மறுக்கிறது.

சுவர்மேல் நான் மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, ஏழாவதோ எட்டாவதோ படிக்கும். பையை முதலில் வீசிவிட்டுப் பின்னாலேயே குதித்தது. ஒரு லாரி கிறீச்சிட்டு நின்றது. "டெய்லி இப்படித்தான் தாத்தா" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஐயா, அந்தப் பிள்ளை ஒருநாள் செத்துப்போனால் 'விதியை மீறிச் சாலையைக் கடந்தவர்' என்று எழுதுவீர்கள். எந்த வழியாகக் கடந்திருக்க வேண்டும் என்று எழுதமாட்டீர்கள். ஏனென்றால் திறந்திருக்கும் வழியே கிடையாது. காரில் போகிறவனுக்கு மட்டும் ரோடு போட்டுவிட்டு, நடக்கிறவனை மாடு மாதிரி வேலி கட்டித் தடுத்திருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். ராத்திரிப் பயண அலுப்பு. தங்கள் சுவரின் பூச்சு வெகு நேர்த்தி என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நான் வந்த பக்கமே இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டேன். "எங்க சார்?" "எதிர்ல." டிரைவர் சிரிக்கவில்லை. தொழில் தெரிந்தவர். "யூ டர்ன் போட்டு வரணும், நூத்தம்பது." இரண்டு சிக்னல், ஒரு யூ டர்ன், மறுபடி ஒரு சிக்னல். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. ஆட்டோவுக்குள்ளேயே அட்சதையை எடுத்து முன்னால் தூவினேன். டிரைவர் தலையில் விழுந்தது. நல்லவர், கும்பிட்டுக்கொண்டார்.

உள்ளே போனால் மாமன் மாலையை என் சித்தப்பா மகன் போட்டு முடித்திருந்தான். அவன் சிட்டியிலிருந்து வந்தவன். பஸ் மண்டபத்து வாசலிலேயே இறக்கிவிட்டிருக்கிறது. என் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பந்தி முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தேன். தங்கை இரண்டு முறை என் பக்கம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாலையைத் தங்களுக்கே சூட்டுவது என்று முடிவு செய்து, மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு வழி விசாரித்தேன். ரொம்பச் சுலபம் என்றார்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில்தானாம்.

ஆகவே கடிதத்தை மட்டும் தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பெண்ணின் தாய்மாமன்