திரையடுக்கியல்: சுங்கைப் பட்டாணிக் கணினிகளை முன்வைத்து ஒரு சிற்றாராய்ச்சி

பாயிரம்

நூல் செய்வோர் ஆக்கியோன், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூலார் விதி. விதிக்கு அஞ்சிச் சொல்கிறோம்.

ஆக்கியோன், சுங்கைப் பட்டாணித் தாமான் ஒன்றில் பழைய கணினிகளோடு குடித்தனம் நடத்துபவன். வழி, மைக்ரோசாஃப்ட் செய்த முதல்நூலுக்குச் சார்புநூல். எல்லை, வடக்கே ஜெராய் மலை, தெற்கே மூடா ஆறு. நூற்பெயர் திரையடுக்கியல். யாப்பு, ஐந்து நூற்பாவும் அவற்றின் உரையும். நுதலிய பொருள், திரையில் இறைந்து கிடக்கும் ஐகான்களையும் சாளரங்களையும் ஒழுங்கு செய்யும் கட்டளைகள். கேட்போர், பிறர் கணினியை அவரைக் கேளாமலே ஒழுங்கு செய்யும் வழக்கமுடையோர். பயன், அவ்வழக்கம் ஒழிதல்.

காலம், களம், காரணம் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளராதலின் அவையும் வருமாறு. காலம், விண்டோஸ் 3.1 பிறந்த 1992 முதல், எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் கைவிட்ட 2014 ஏப்ரல் வரை. களம், ரப்பர் தோட்டங்களும் அவை இருந்த இடத்தில் எழுந்த தாமான்களும். இன்டெல் 1972இல் பினாங்கில் ஆலை திறந்த பிறகு, இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் விடியுமுன் ஆலைப் பேருந்து ஏறிப் போய் மின்னணுச் சாமான் செய்து கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்தச் சாமான் பெட்டியாகித் தங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வரப் பல ஆண்டு பிடித்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில், ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்கலாம் என்று அரசு கொஞ்ச காலம் இடம் கொடுத்தது. முதுமைக்கு வைத்த காசில் வந்த பெட்டியாதலால், பூத்துணி போர்த்தி, சாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு வைத்தார்கள். காரணம், அந்தப் பெட்டியின் திரையை விடுமுறைக்கு வந்த யாரோ ஒருவர் அடுக்கிவிட்டுப் போனது.

நூற்பா 1

*ஒட்டி நிற்றலும் ஒன்றனை ஒன்று*
*மறைத்து நிற்றலும் சாளரத்து இயல்பே.*

என்பது என்னுதலிற்றோ எனின், சாளரங்களின் தோற்றமும் அவற்றின் குடும்பச் சண்டையும் உணர்த்துதல் நுதலிற்று.

1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்னும் கணினியை விற்பனைக்கு விட்டது. ஐகான்கள் அணிவகுத்த மேசைத் திரையைக் கடைக்குக் கொண்டுவந்தது அதுதான். அதைச் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருந்தார்கள்: சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டால், மக்கள் வேலையை விட்டுவிட்டு அவற்றை நகர்த்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே முதல் ஸ்டாரில் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி செய்தார்கள். 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் முதற்பதிப்பும் அவ்வாறே. சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987 இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பு ஒன்றை ஒன்று மறைக்க இடம் தந்தது. மறு ஆண்டு மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. திரை அம்சங்கள் 189 என்று பட்டியலிட்டு வழக்காடியதில், 179 ஏற்கெனவே உரிமம் கொடுத்தவையே என்றார் நீதிபதி. மிஞ்சிய 10இல் முதன்மையானது சாளரம் சாளரத்தை மறைப்பது. இரண்டு பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கறிஞர்களுக்குப் பணம் அழுததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதனால் பெறப்படுவது: திரை ஒழுங்கு சிறு பொருள் என்பாரை நீதிமன்றம் ஒப்பாது. இவ்வாராய்ச்சிக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுவதில்லை.

நூற்பா 2

*பரப்பல் சரித்தல் நிரைத்தல் என்றாங்கு*
*அடுக்கல் மூவகைத்து என்ப*
*மவுசின் போக்கு மரபுணர்ந் தோரே.*

விண்டோஸ் 3.1இல் புரோகிராம் மேனேஜர் என்று ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய மெனுவில் இம்மூன்றும் இருந்தன. ஷிப்ட் விசையோடு எஃப் 4 அழுத்தினால் பரப்பல்: திரையைப் பாகப்பிரிவினை செய்து, திறந்த சாளரங்கள் எல்லாவற்றுக்கும் பங்கு கொடுக்கும். இரண்டு பேர் என்றால் ஆளுக்குப் பாதி, சண்டை இல்லை. ஒன்பது பேர் என்றால் ஆளுக்குத் தலைப்பு வைக்க மட்டும் இடமிருக்கும், வாழ இடமிராது. அதே ஷிப்ட் விசையோடு எஃப் 5 அழுத்தினால் சரித்தல்: ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்த்து நிறுத்தும். எல்லோருடைய பெயரும் தெரியும், முன்னால் நிற்பவர் சொல்வது மட்டும் காதில் விழும். மூன்றாவது நிரைத்தல்: சிதறிய ஐகான்களை வரிசையில் நிறுத்துவது.

நிரைத்தலுக்கு இந்த ஊரில் முன்மரபு உண்டு. ஐகானுக்கும் ஐகானுக்கும் 75 புள்ளி இடைவெளி என்பது விண்டோஸின் வழக்கம். 640க்கு 480 புள்ளித் திரையில், விண்டோஸ் 95இன் அடிப்பட்டை போக, எட்டு நிரையும் நிரைக்கு ஆறும் கிடைக்கும். ஆக 48 ஐகான். 20 அடிக்கு 10 அடி என்று கயிறு பிடித்து ரப்பர் கன்று நட்டால் ஏக்கருக்கு 217 மரம். கணக்கு வேறு, கை ஒன்று. துரை வரைபடத்தில் கோடு போட, கங்காணி கயிறு பிடிக்க, காடாய்க் கிடந்த நிலம் நேர்கோட்டில் நின்றது. மரத்தை மட்டுமா நிறுத்தினார்கள்? லயத்தில் வீடுகள் ஒரே அளவில் நின்றன. பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் நின்றார்கள், கிராணி பேர் கூப்பிட்டார். ‘பெயர்வாரியாக நிரல்படுத்து’ என்னும் கட்டளையைக் கணினி கண்டறிவதற்குப் பல காலம் முன்பே, அதை அதிகாலை இருட்டில் மண்ணெண்ணெய் விளக்கோடு செய்து முடித்தவர்கள் நாம்.

தோட்டத்துக்கு எல்லை இருந்ததுபோல் புரோகிராம் மேனேஜருக்கும் இருந்தது: தொகுதிகள் 40, தொகுதிக்கு ஐகான் 50. இவ்வளவும் நிறைத்துப் பார்த்த குடும்பம் சுங்கைப் பட்டாணியில் உண்டா என்பதை வருங்கால ஆய்வாளருக்கு விடுகிறோம்.

நூற்பா 3

*பெயரின் தேடுநர் சிலரே, ஏனையோர்*
*இடத்தின் தேடுப, இதுவுலக வழக்கே.*

இந்நூலின் உயிர் இந்நூற்பா. ஆகவே விரித்து உரைக்கப்படும்.

துரை பார்த்தது நிரையை. பால் வெட்டியவர் பார்த்தது மரத்தை. தன் நிரையிலுள்ள சில நூறு மரங்களில் எது சாய்ந்து நிற்கும், எதில் பட்டை தடித்திருக்கும், எதன் பால்மங்கு மழையில் முதலில் நிறையும் என்பதெல்லாம் அவருக்கு இருட்டிலும் தெரியும். எந்த மரத்துக்கும் பெயர் கிடையாது. நிற்கும் இடமே பெயர். துரை வரைபடத்தை மாற்றலாம். ஆனால் இரவோடு இரவாக மரங்களை உயரவாரியாக இடம் மாற்றி நட்டுவைத்தால் மறுநாள் பால் வராது, வசைதான் வரும்.

திரையும் அப்படியே. திருமண அழைப்பிதழ் அச்சிடும் கடைக்காரரின் திரையைப் பார்ப்போருக்கு அது குப்பை. கடைக்காரருக்கோ இடது மேல்மூலை முடிந்த கல்யாணம், வலது கீழ்மூலை முன்பணம் கொடுக்காத கல்யாணம், நடுவில் கிடப்பது மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேர் திருத்திக்கொண்டிருக்கும் கல்யாணம். கோப்பின் பெயரை அவர் படிப்பதே இல்லை. படித்தாலும் பயன் குறைவு: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் பாரு’, ‘ஃபைனல் பெத்துல்’, ‘ஃபைனல் பெத்துல்-பெத்துல்’.

அஃதேல், நல்ல பெயராக வைத்தால் பெயர்வாரி நிரல் உதவாதோ எனின், அற்றன்று. இது மும்மொழி ஊர். ஒரே வேலையை முதலாளி தமிழில் ‘கல்யாணம்’ என்றும், உதவிக்கு வந்த பெண் மலாயில் ‘காவின்’ என்றும், கல்லூரி படிக்கும் மகன் ஆங்கிலத்தில் ‘வெட்டிங்’ என்றும் ரோமன் எழுத்தில் சேமித்திருப்பார்கள். அகரவரிசையில் அடுக்கினால் முதலிரண்டும் ஓரிடத்தில் நிற்க, மூன்றாவது திரையின் மறுகோடிக்கு ஓடிவிடும். விண்டோஸ் 3.1 காலத்தில் நிலைமை இதனினும் கேடு. பெயருக்கு எட்டே எழுத்து. எட்டெழுத்தில் மணமகன் பெயரே அடங்காது, மணமகள் எங்கே போவாள்?

ஆசிரியர்கள் இன்னொரு சான்று. 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்த ஆணை வந்தபோது, கூடவே மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பள்ளிக்கு வந்தன. அந்த மடிக்கணினிகளின் திரையில் நான்காம் ஆண்டு ஒரு பக்கம், ஐந்தாம் ஆண்டு ஒரு பக்கம், தலைமையாசிரியர் கேட்டு இன்னும் கொடுக்காதவை தனியாக ஓர் ஓரம். தேதிவாரியாக அடுக்கினால், கொடுக்காதவை எல்லாம் முன்வரிசைக்கு வந்து, ஒளிவீழ்த்தி வழியே வகுப்புச் சுவரில் பெரிதாகத் தெரியும். இது ஒழுங்கன்று, காட்டிக்கொடுத்தல்.

நூற்பா 4

*அறுபது நாளும் தொடாஅ தனவெலாம்*
*ஒருபுறம் ஒதுக்கும் எக்ஸ்பி என்ப.*

‘தொடாஅ’ என்னும் அளபெடை அந்த அறுபது நாளின் நீட்சி குறித்து நின்றது.

2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியில் திரையைத் துப்புரவாக்கும் வழிகாட்டி ஒருவர் குடியிருந்தார். 60 நாளுக்கு ஒருமுறை தாமே எழுந்துவந்து, ‘இந்தக் குறுக்குவழிகளை நீங்கள் தொடவே இல்லையே, எடுத்து வைத்துவிடவா?’ என்பார். சரி என்றால், பயன்படாதவை என்று பெயரிட்ட ஓர் உறைக்குள் போட்டுவிடுவார். கோப்பை அழிப்பவர் அல்லர். நியாயம் சொல்ல வேண்டும். குறுக்குவழியைத்தான் நகர்த்துவார்.

ஆயினும் அவருடைய பஞ்சாங்கம் நம்முடையதன்று. தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை திறப்பது. தீபாவளிப் பலகாரத்துக்கு யார் யார் சொல்லிவைத்தார்கள் என்னும் பட்டியல் ஆண்டுக்கு ஒருமுறை. வருமான வரியும் அப்படியே. 60 நாள் தொடாததெல்லாம் வேண்டாதது என்றால், முதலில் ஒதுக்க வேண்டியது குலதெய்வத்தை.

சைபர் கஃபேக்காரர்கள் இதனினும் கடுமையான நெறியை மேற்கொண்டார்கள். டீப் ஃப்ரீஸ் என்றொரு மென்பொருள் உண்டு. அதைப் பூட்டிவிட்டால், கணினியை எத்தனை பேர் எப்படிச் சீரழித்தாலும் மறுபடி தொடங்கும்போது பழைய கோலத்தில் வந்து நிற்கும். கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடிய பையன் திரையில் ஒட்டிய படமும் போகும். பக்கத்து இருக்கையில் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்த பெண்ணின் பள்ளித் திட்டப்பணியும் போகும். உலகில் மிகத் தூய்மையான திரை அதுதான். அதில் யாரும் வாழவில்லை என்பதே அத்தூய்மைக்குக் காரணம்.

நூற்பா 5

*கலைந்தது கலைந்தாங்குக் காத்தல் தலையே,*
*அடுக்கிக் கொடுத்தல் அதனிற் கடையே.*

1984இல் மெக்கின்டாஷ் வந்தபோதே அதன் மெனுவில் துப்புரவுக் கட்டளை ஒன்று இருந்தது. மறு ஆண்டு வந்த அமிகா கணினியின் வொர்க்பெஞ்சிலும் அது இருந்தது. ஆனால் அமிகாக்காரர்கள் அதே மெனுவில் இன்னொன்றும் வைத்தார்கள்: ஸ்னாப்ஷாட். ஐகானை உங்களுக்குப் பிடித்த இடத்தில் வைத்து அக்கட்டளையைக் கொடுத்தால், அடுத்த முறையும் அங்கேயே இருக்கும். அடுக்க ஒரு கட்டளை, அடுக்காமல் காக்க ஒரு கட்டளை. திரையில் கிடப்பது குப்பையன்று, ஒருவருடைய ஞாபகம் என்பதை ஒரு மெனுவே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

விண்டோஸ் 95இல் இந்தப் பெருந்தன்மை இல்லை. ஏதாவது விளையாட்டு திரையின் அளவை 640க்குச் சுருக்கிவிட்டுப் போனாலும், சேஃப் மோடில் ஒருமுறை எழுந்தாலும், ஐகான்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். ஆகவே ஈஸி டெஸ்க் போன்ற சிறு பயன்பாடுகளைப் பிறர் எழுதினார்கள். ஐகான்கள் எங்கெங்கே கிடந்தன என்று குறித்துவைத்து, கலைந்தால் மறுபடி அங்கங்கே கொண்டுபோய் விடுவதே அவற்றின் தொழில். தம் திரை ஒழுங்காக வேண்டும் என்று கேட்டவர்களைவிட, தம் ஒழுங்கின்மை தமக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களே மிகுதியும் ஏங்கி நின்றார்கள் என்பதற்கு இதுவே சான்று.

மீட்டல் பற்றி ஒரு நுட்பம். விண்டோஸ் 3.1இல் யாராவது அடுக்கிவிட்டால் மீட்சி உண்டு; வெளியேறும்போது அமைப்புகளைச் சேமி என்பதில் குறி இல்லாதிருந்தால் போதும், மூடித் திறந்ததும் பழைய இடமே. 95இல் அடுக்கியது அடுக்கியதுதான். இதனை அறியாத ஓர் இளைஞருக்கும், ஓய்வுபெற்ற கிராணி ஒருவருக்கும் நடந்த உரையாடல் எடுத்துக்காட்டாகத் தரப்படும்.

“தாத்தா, எல்லாத்தையும் பேர் படி அடுக்கி வச்சிட்டேன்.”

“யாரக் கேட்டுடா அடுக்கின?”

“அலங்கோலமா இருந்துச்சே தாத்தா.”

“முப்பது வருசம் பெரட்டுல பேர் கூப்புட்டவன்டா நான். இங்கயாச்சும் பேர் கூப்பிடாம இருப்போம்னு பார்த்தா, நீ வந்து வரிசையில நிக்க வச்சிட்ட.”

இதற்கு உரை வேண்டா.

புறனடை

இங்குக் கூறாதன எல்லாம் கூறியவற்றோடு ஒப்பிட்டுக் கொள்ளப்படும். தன் திரையைத் தான் அடுக்குதல் குற்றமன்று. இறந்தவர் கணினியை அடுக்குதல், கண்ணீர் வடித்துக்கொண்டு செய்தால் மன்னிக்கப்படும். பிறர் திரையைக் கேளாமல் அடுக்கியவர்க்கு மட்டும் தண்டனை வகுக்கப்படுகிறது: அவர் அடுத்த தீபாவளி வரை அந்த வீட்டார் எந்நேரம் தொலைபேசியில் அழைத்து எந்தக் கோப்பைக் கேட்டாலும், அது எங்கே இருக்கிறது என்று முகம் சுளிக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்.