பார்த்துக்கலாம் அண்ணன்

எந்த ஊர் டீக்கடையிலும் அவரைப் பார்க்கலாம். தும்பைப்பூ வெள்ளைச் சட்டை, கக்கத்தில் தோல்பை. பைக்குள் அமைச்சரோடு எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று உண்டு. கடைசி வரிசையில் தெரிகிற பாதிக் காது அண்ணனுடையது. நாம் எதிரே உட்கார்ந்ததும் அவருக்கு போன் வரும். எழுந்து நின்று, "சரிங்க சார்... நம்ம பையன்தான் சார்" என்பார். மறுமுனையில் யார் என்பது போனுக்கே தெரியாது.

"மின்வாரியமா தம்பி, ரயில்வேயா?" என்பார், இட்லியா தோசையா என்கிற தொனியில். குரூப் 4 என்றால், "இன்டர்வியூல நம்ம ஆளுதான் உக்காந்திருக்காரு, பார்த்துக்கலாம்." குரூப் 4-க்கு எழுத்துத் தேர்வோடு சரி; இன்டர்வியூவே கிடையாது. இல்லாத நாற்காலியிலும் ஆள் உட்கார வைப்பவர் அண்ணன்.

வெளிநாடு என்றாலும் தயார். "டூரிஸ்ட் விசாவுல போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்." ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாமே என்றால், "அதெல்லாம் சின்ன ஏஜென்ட்டுங்களுக்கு!"

பணம் அவருக்கில்லை, "மேல கேக்குறாங்க." முதலில் அட்வான்ஸ், பிறகு மெடிக்கல், அப்புறம் டிரெயினிங் பீஸ். ரசீது கேட்டால் முகம் வாடிவிடும்: "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" ஆர்டர் வந்துசேரும். அதில் அரசு முத்திரை மூன்று இடத்தில். அனுப்பிய முகவரி மட்டும் ஜிமெயில்.

இதையெல்லாம் யார் நம்புவார்கள் என்று சிரிக்காதீர்கள். 2022-ல் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புதுடெல்லி ரயில் நிலையத்தில், தினம் 8 மணி நேரம், ஏறக்குறைய ஒரு மாதம், வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டு நின்றார்கள். டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைகளுக்கு அதுதான் பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். பெரும்பாலோர் பட்டதாரிகள். ஆளுக்கு 2 லட்சத்திலிருந்து 24 லட்சம் வரை கொடுத்திருந்தார்கள். இவர்கள் பெட்டியை எண்ண, அண்ணன் வகையறா நோட்டை எண்ணியது.

போன வாரம் நூலகத்தில் அண்ணனின் மகனைப் பார்த்தேன். குரூப் 4 புத்தகத்துக்குள் தலையைப் புதைத்திருந்தான். மூன்றாவது முறையாம்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிருமே?" என்றேன்.

"சொன்னேன் சார். குறுக்கு வழியில போறியா, ஒழுங்காப் படிச்சு எழுதுடான்னு செருப்பைத் தூக்கிட்டு வர்றாரு."